மிக்ஸரில் நின்ற உடம்பு

2004 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது. திருவொற்றியூரில் தூறல். குளிக்கும்போது இடது மார்க்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. அமுக்கினால் வலித்தது.

கேபிளுக்கு மேலுறை செய்யும் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் மிக்ஸர் மெஷினில் நின்றவன் நான். பிளாஸ்டிக் தூளில் கருப்பு நிறத்துக்குக் கரித்தூளும், இளக்க எண்ணெயும் கலப்பது வேலை. கையில் ஒட்டிய கரியை அதே எண்ணெயைத் தேய்த்துத்தான் போக்குவோம். ஆளுக்கு மாதம் ஒரு சோப்புதான் கொடுத்தார்கள்.

மூன்று மாதத்தில் இரண்டு பக்கமும் வீங்கின. இடுப்பு நான்கு அங்குலம் ஏறியது. "இன்னா மாமு, எத்தினி மாசம்?" என்று கேண்டீனில் ஒருவன் கேட்டான். பதினொரு பேர் சிரித்தார்கள். ஒருவன்கூட ஆஸ்பத்திரிக்குத் துணை வரவில்லை. இதே எண்ணெயில் கை வைப்பவர்களே, கட்டி தெரிந்த அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆறாவது முறை போனபோது டாக்டரம்மா முடிவைச் சொன்னார். "புற்றுநோய் இல்ல பெரியவரே. கைனகோமாஸ்டியா (ஆணுக்கு மார்புச் சுரப்பி பெருப்பது)."

"எண்ணெயாலயா?"

"இருக்கலாம். அந்த மாதிரி ரசாயனம் கொழுப்புச் செல்லைப் பெருக்கும், ஆண் ஹார்மோனைக் குறைக்கும்னு எலியில பாத்திருக்காங்க. மனுஷனுக்கு உறுதியா தெரியல. வயசாலயும் வரும்."

"அதை எழுதிக் குடுங்க."

"தெரியாததை எப்படி எழுதுறது?" அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்தத் தாள் என் மருமகனிடம் காட்டுவதற்கு. மகள் செல்விக்கு மணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. அவள் மாமியார் மகனுக்கு வேறு பெண் தேடத் தொடங்கியிருந்தாள். அவனை மிக்ஸரில் சேர்த்துவிட்டவன் நான்தான்.

தாள் இல்லாமலே புளியந்தோப்பில் மருமகன் வீட்டுக்குப் போனேன். அவன் முன்னால் சட்டையைக் கழற்றினேன். மிக்ஸரை விடு, விந்தணுச் சோதனை (விந்தில் உள்ள உயிரணுக்களை எண்ணுவது) செய்துகொள் என்றேன்.

"உனுக்கு மாரு மொளச்சா எனுக்கு ஆம்பளத்தனம் பூடுமா மாமா? மிக்ஸர்ல நின்னா மாசம் அறுநூறு கூடத் தரான். நீ தருவியா?"

"தரேன்."

பேக்கிங்குக்கு மாறினான். சோதனையில் எண்ணிக்கை மிகக் குறைவு. மாமியார் பெண் தேடுவதை நிறுத்தினாள். என் மகளை மலடி என்றதற்கு ஒரு வார்த்தை வருந்தவில்லை. எண்ணெயா, பிறவிக் குறையா, யாரும் சொல்லவில்லை. குழந்தையும் பிறக்கவில்லை.

என் மார்பை அறுத்து எடுக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மறுத்தேன். படியிறங்கும்போது வேறு யாருடையதையோ சுமந்து வருவதுபோல இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றாம் தேதியானால் இன்றும் இந்த உடம்பு தானாக எழுந்து புளியந்தோப்பு பஸ்ஸுக்குத் தயாராகிறது. கம்பெனி மூடும்வரை இருபத்திரண்டு மாதம் அந்த அறுநூறை மருமகன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதின்மூவாயிரத்து இருநூறு ரூபாய்.