கொழுப்புதான் என்றார் மாமா

மனித உடம்பை நான் கறிக்கடை வழியாகக் கற்றவன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. அலமாரி நிறையப் புத்தகம் இருந்து என்ன பயன்? போன மாதம் விலாப்பிடிப்புக்காகப் போனவன், எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டதும், "சாப்ஸ் பக்கம் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

குற்றம் என் தாய்மாமாவுடையது. திண்டுக்கல் பேகம்பூரில் அவருக்கு ஆட்டுக்கறிக் கடை. அய்யலூர்ச் சந்தையில் ஆட்டின் முதுகை விரலால் அமுக்கியே, உள்ளே எவ்வளவு கறி, எவ்வளவு கொழுப்பு என்று சொல்லிவிடுவார். தன் தோளில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி வந்தபோதும் அதே விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, கொழுப்பு என்று தீர்ப்புச் சொன்னார். மருத்துவரும் அதையே சொல்லித் தொலைத்தார். அன்றோடு கெட்டார் மாமா.

அடுத்த கட்டி தொடைக்குள், ஆழத்தில் வந்தது. அதுவும் கொழுப்புதான் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பவருக்குக் கால் பிடித்துவிடுவது சிறுவனான என் வேலை. அந்தக் கட்டியை அழுத்தினால் அவருடைய கால் கட்டைவிரல் வெடுக்கென்று துள்ளும். அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் எனக்கு வாய்த்ததில்லை. ஒருநாள் மாமி பார்த்துவிட்டார்.

"லேசா கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும், அம்புட்டுதான்" என்றார் மாமா.

"கொழுப்புக்கு யாருங்க கரண்ட் கனெக்‌ஷன் குடுத்தாக? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

மருத்துவர் பொறுமைசாலி. கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய், நார் என்று உடம்பின் மெத்தென்ற பகுதி எதிலும் கட்டி வரலாம், எந்தத் திசுவைப் போல இருக்கிறதோ அதன் பெயரை வைப்பார்கள், பெரும்பாலானவை சாது, ஆனால் ஆழத்தில் இருந்துகொண்டு வளர்வதை எடுத்துச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்றார்.

"நான் கை வச்சாலே சொல்லிருவேன் டாக்டர்."

"ஆட்டை அமுக்கித்தான் பாய் வாங்குறீங்க. உள்ள என்னன்னு அறுத்தப்புறந்தானே தெரியுது?"

கட்டியை எடுத்து, சோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வருவதற்குள், தையல் போட்ட காலை முக்காலியில் நீட்டிவைத்தபடி மாமா கடைக்கு வந்துவிட்டார். வியாபாரம்தான் விசித்திரமாக நடந்தது. அரைக்கிலோ கேட்டவருக்குத் தராசுத் தட்டு தாழ்ந்து தரையைத் தொடும் அளவுக்குப் போட்டார். மேலே ஒரு துண்டு ஈரலும் வைத்தார். முதல்நாள் வாங்கியவர்கள் மறுநாளும் வந்து நின்றார்கள். ஒரு எலும்புத் துண்டு கூடப் போனாலே சண்டைக்கு வரும் மாமி, கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமாவுக்கு நிறுக்க மறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை வருடம் கறியோடு எடையில் ஏறிய எலும்புக்கும் சவ்வுக்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டதோ என்று அந்த மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

முடிவு வந்தது. நரம்பின் உறையில் வளர்ந்தது, சாதுவான ரகம், முழுதாக எடுத்தாயிற்று என்றார் மருத்துவர். மாமி அங்கேயே உட்கார்ந்து அழுதார். மாமா சொன்னது தப்பாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறார் போல என்று எண்ணி, நானும் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

மறுநாள் காலை மாமா தராசு முள்ளைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு சிறு துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பையை நீட்டி நின்ற பக்கத்து வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"ஏன் பாய், அந்த ரிசல்ட்டு இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா?"