மகளின் விரலில் ஒட்டிய கறுப்புப் பூச்சி

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று மகளோடு வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்குப் போய் வந்தேன். அங்கே கணவரின் அக்கா, என் மச்சாள், வயலோரமாகப் புது வீடு கட்டியிருக்கிறார். இரண்டரை வயதுப் பிள்ளையோடு அந்தப் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் ஒரு கிழமை யோசித்தேன்: பாம்பு, கிணறு, வெயில்!

தன்னாமுனையில் காலை ஏழு மணிக்கு ஓட்டோ ஏறினோம். நகரம் தாண்டி, பாலம் கடந்து, முக்கால் மணி நேரம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பாலத்தில் நின்ற கொக்குகளை மகள் எண்ணினாள். மூன்றுக்கு மேல் அவளுக்குத் தெரியாது என்பதால் எல்லாமே மூன்றுதான்.

மச்சாளின் வேலியில் எருக்கலையும் பயற்றங்கொடியும் பின்னிக் கிடந்தன. ஓட்டோக்காரரும் நாங்களும் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, மகள் வேலிப் பக்கமிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் பிசுபிசுப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“எருக்கலம்பால் புள்ள! கண்ணுல பட்டா கண் போயிரும்!” மச்சாள் கத்தினார்.

மகளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். மச்சாள் தண்ணீர் ஊற்ற, நான் இமையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏறுங்க தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கு விடுறன்,” என்றார் ஓட்டோக்காரர்.

அப்போதுதான் அவளுடைய மற்றக் கைவிரலைப் பார்த்தேன். கடுகை விடச் சின்னதாக, மினுங்கும் கறுப்பில் நாலைந்து பூச்சிகள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவுணி. எங்கள் பக்கத்தில் அழுக்கணவன் என்போம். எருக்கலையில் மொய்ப்பது நல்ல மஞ்சள். கறுப்பு என்றால் அது பயற்றங்கொடிக்காரன்.

பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே வேலிக்குப் போனேன். பயற்றங்கொழுந்து நிறையக் கறுப்பு, எறும்பு, பிசுபிசுப்பு. எருக்கலையில் மஞ்சள் கூட்டம் கலையாமல் இருந்தது. ஓர் இலைகூட ஒடியவில்லை, பால் வடியவில்லை. மகள் விரலைச் சூப்பிவிட்டு, “இனிக்கிது” என்றாள். அழுக்கணவன் கழிக்கும் தேன்நீர் இனிக்கும். எருக்கலம்பால் இனிக்காது.

“பால் இல்ல மச்சாள். இது அழுக்கணவன்!”

“அழுக்குக் கணவனா? என்ர தம்பியையா சொல்றாய் புள்ள?”

ஓட்டோக்காரருக்குத் தேநீர் புரையேறியது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் விவசாயம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாயே என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. அந்த நாலு வருடமும் அன்று ஒரு விரல் நுனியில் வந்து நின்றது. பெருமையாகத்தான் இருக்கிறது; ஏன் மறைக்க வேண்டும்?

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் புறப்படுங்கள், மாற்றுடுப்பு எடுங்கள், வேலியில் என்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள். எருக்கலம்பால் கண்ணில் பட்டால் பூச்சி தேடாமல், ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நானும் அன்று பின்னேரம்வரை அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை.

வீட்டு வாசலிலேயே மகள் தகப்பனிடம் சொல்லிவிட்டாள்: “அப்பா, பயித்தங்கொடில நிறைய அழுக்கணவன். மூண்டு!”