எதிர்வீட்டு மாடி வழியாக வந்த இணைப்பு

வளைகாப்பு முடிந்து மகளை பெங்களூரிலிருந்து மேனாம்பேட்டுக்கு அழைத்து வந்தபோது வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. மெத்தை மாற்றியாகிவிட்டது. குளியலறையில் வழுக்காத விரிப்பு போட்டாகிவிட்டது. அம்பத்தூரில் டாக்டரைப் பார்த்துப் பெயர் பதிந்தாகிவிட்டது. யாரும் நினைத்துப் பார்க்காதது பிராட்பேண்ட்.

அவள் வந்த மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் தங்கள் இணைப்பின் வேகத்தை அளந்து, அந்தத் திரையைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் வரும் வேகம் எங்களிடம் போதுமான அளவு இருந்தது. வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம், அதாவது அப்லோடு, இருபது எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு இரண்டு வந்தது. இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும், இல்லையென்றால் பேறுகால விடுப்பை உடனே தொடங்கிவிட வேண்டும். அந்த உடம்போடு அவள் பெங்களூருக்குத் திரும்ப முடியாது. விடுப்பை இப்போதே தொடங்கினால், குழந்தை பிறந்த பிறகு கூட இருக்கும் வாரங்களிலிருந்து அது கழியும்.

"ஆறு வாரம் போயிடும்மா," என்றாள். விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது குப்புற விழுற நேரத்துல நான் ஆபீஸ்ல இருப்பேன்."

அந்த ஆறு வாரத்துக்காகத்தான் நான் போனை எடுத்தேன்.

எங்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்தது ஒரு பெரிய கம்பெனி. பன்னிரண்டு வருடமாக அதே இணைப்பு. மதியம் சாப்பிட்டதும் மகள் ஒரு மணி நேரம் தூங்குவாள். கட்டிலின் ஓரத்தில் லேப்டாப் மூடிக் கிடக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து கம்பெனியைக் கூப்பிடுவேன். காத்திருக்கச் சொல்லி ஒரு இசை போடுவார்கள். எட்டு வினாடி இசை, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி அதே எட்டு வினாடி. மின்விசிறி அதன் வேகத்துக்குச் சுற்றும். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் ஒரு ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்கு நகரும். தொலைவில் ஆவடிப் பக்கம் போகும் ரயில் சத்தம் இசைக்குள் வந்து கலந்து, பிறகு பிரிந்து போகும். கொஞ்ச நேரத்தில், யாருக்காகக் காத்திருக்கிறேன் என்பதே மங்கிவிடும். கண் செருகும் நேரத்தில் ஒரு குரல் வந்து "வணக்கம்" என்று சொல்லும்.

ஒவ்வொரு அழைப்பையும் நோட்டில் எழுதினேன். எத்தனை மணிக்குப் பேசினேன், எவ்வளவு நேரம் காத்திருந்தேன், அவர்கள் சொன்ன வார்த்தை என்ன. பத்திரிகை அலுவலகத்தில் பழகிய கை. எழுதாமல் அதற்கு இருக்கத் தெரியாது.

மகள்தான் யோசனை சொன்னாள். "சண்டை போடாதம்மா, ஒவ்வொரு காலுக்கும் அவங்களுக்கு மார்க் போடுவாங்க. கனெக்‌ஷனை எடுத்துடப் போறேன்னு மட்டும் நிதானமா சொல்லு. அப்பதான் சலுகை தர்றதுக்கு அதிகாரம் இருக்கிறவங்ககிட்ட அனுப்புவாங்க."

நிதானமாகச் சொன்னேன். உடனே இசை மாறியது. இந்தப் பிரிவுக்கு வீணை. இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் வந்தாள். இளம் குரல், தெற்கத்திப் பேச்சு. பின்னால் நிறையப் பேர் ஒரே வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருக்கும் இரைச்சல்.

"இவ்ளோ வருஷமா நம்மகூட இருக்கீங்க மேடம். உங்களை நாங்க விட மாட்டோம்," என்றாள். மூன்று மாதத்துக்குப் பாதிக் கட்டணம் தருகிறேன் என்றாள். நான் அப்லோடு என்றேன். டிவி பெட்டி இலவசம் என்றாள். நான் அப்லோடு என்றேன். வேகம் இரண்டு மடங்கு என்றாள். எந்தப் பக்கத்து வேகம் என்று கேட்டேன். "வர்ற வேகம் மேடம்."

"எனக்குப் போற வேகம்தான்மா வேணும்."

"எல்லாரும் வர்ற வேகம்தான் மேடம் கேப்பாங்க," என்றாள். அதில் கேலி இல்லை. இப்படி ஒருத்தி கேட்டதைப் பற்றி அவள் உண்மையிலேயே யோசித்தாள் என்று தோன்றியது. ஆளை அனுப்புகிறேன் என்றாள்.

நான்காம் நாள் ஒரு லைன்மேன் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, சுவரோடு இறங்கும் கறுப்பு ஒயரை இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பார்த்தார்.

"யக்கா, இது அந்தக் காலத்துச் செம்பு ஒயரு. இன்னா பிளான் போட்டாலும் இதுல இவ்ளோதான் போவும். போன்ல இன்னா சொன்னாங்கோ?"

"இரண்டு மடங்கு வேகம்னாங்க."

"சொல்லுவாங்கோ. அவுங்க ஒயரைப் பாத்துகினா சொல்றாங்கோ? நம்ம கம்பெனி ஃபைபர் இந்தத் தெருவுக்கு வர இன்னும் ஒரு வருசம் ஆவும். அடுத்த தெருவுல கேபிள்காரரு கண்ணாடி இழை இழுத்து வெச்சிக்கீறாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

நோட்டில் அவர் சொன்னதை எழுதினேன். இத்தனை நாளில் கிடைத்த முதல் செய்தி அதுதான்.

கேபிள்காரருக்கு நாற்பது வயது இருக்கும். இந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர். இங்கிருந்து பாடி வரைக்கும் தன்னுடைய ஒயர்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். போகவும் வரவும் நூறு நூறு தருகிறேன் என்றார். அதை எழுதித் தாருங்கள் என்றேன்.

"எழுத்தா? யக்கா, என் வாய்தான் எழுத்து."

"வாயை ஃபைல்ல வைக்க முடியாதே."

சிரித்துவிட்டு ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் ஓடுகிற மாதிரி மோடத்துக்கு ஒரு பேட்டரி வேண்டும் என்றும் எழுதச் சொன்னேன். முனகிக்கொண்டே அதையும் எழுதினார். பிறகுதான் சிக்கலைச் சொன்னார். மின்கம்பத்தில் ஒயர் கட்டினால் மின்வாரியத்தார் அறுத்துவிடுகிறார்கள். அதனால் இழை மாடிக்கு மாடி தாவித்தான் வர வேண்டும். எங்களுக்கு வர ஒரே வழி எதிர்வீட்டு மொட்டை மாடி. எதிர்வீட்டு அம்மா விட மாட்டார்.

அவரை எனக்கு முகப்பழக்கம் மட்டும்தான். எங்கள் குடியிருப்பு நிற்கும் நிலம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். இப்போது மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார். கேட்டைத் திறந்ததும் கேபிள்காரரைத்தான் முதலில் பார்த்தார்.

"டேய், நீயா? போன தபா ஒயரு கட்றேன்னு டேங்க் பைப்பை ஒடச்சிட்டு ஓடிப்பூட்டயே. ரெண்டு நாளு தண்ணி மாடிப்படியில இறங்கிகினு இருந்துது. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு வந்துகீற?"

"பெரிம்மா, அது நான் இல்ல. என்னாண்ட வேலை செய்ற பையன் ஒருத்தன்."

"உன் பையன் ஒடச்சா, நீ வந்து சரிபண்ண உன் கைய யாராச்சும் கட்டிப்பூட்டாங்களா?"

பைப்பை முதலில் சரிசெய்த பிறகுதான் ஒயர் வரும் என்று நான் இடையில் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானே ஜன்னலாண்ட உக்காந்துகினு தெனம் போன்ல கம்பெனிக்காரங்கள வாங்கு வாங்குன்னு வாங்குற? பேப்பர்ல வேலை பாத்த அம்மா?"

வாங்கியது ஒன்றுமில்லை, மகளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று முழுவதையும் சொன்னேன். ஆறு வாரம் என்றதும் அவர் எங்கள் வீட்டு ஜன்னலை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார்.

"ஒயரு போட்டுக்கோ. ஆனா எனக்கோசரம் ஒரு கம்பெனியாண்ட பேசணும்."

விஷயம் இதுதான். அவருடைய பட்டன் போனுக்கு யாராவது கூப்பிட்டால், அவர்கள் காதில் ஒரு காதல் பாட்டு கேட்கிறது. எப்போதோ கை தவறி எதையோ அழுத்திவிட்டார். ஒவ்வொரு மாதமும் அதற்குத் தனியாகப் பிடித்தம். போதாததற்கு, அவர் பயன்படுத்தவே முடியாத இன்டர்நெட்டுக்கும் சேர்த்து ரீசார்ஜில் பணம் எடுக்கிறார்கள்.

"குடக்கூலிக்காரன் தண்ணி வரலைன்னு போன் பண்றான், பாட்டுக் கேட்டுட்டு சிரிச்சிகினே பேசறான். சம்பந்தி ஊட்ல இன்னா நெனப்பாங்க?"

அன்று மாலை அவருடைய மாடியில் உட்கார்ந்தோம். மழை வரப்போகும் வெளிச்சம். எல்லாவற்றின் விளிம்பும் கொஞ்சம் தங்கமாகத் தெரிந்தது. துவைத்த சேலைகள் கொடியில் ஆடின. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம். காத்திருக்கும் இசை மாடி முழுக்கப் பரவியது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். "இது பரவால்லியே," என்றார். மேகம் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெதுவாகப் போனது. எழுந்திருக்கவே தோன்றாத மாதிரி இருந்தது.

எடுத்தது ஒரு பையன். பெயர், பிறந்த தேதி கேட்டான்.

"தேதியா? பெரிய வெள்ளம் வந்துதாம், அப்ப பொறந்தேன்."

"ஆதார்ல இருக்கிற தேதி சொல்லுங்கம்மா."

"அது அவுங்களா போட்டது நைனா. அதுவா வோணும்?"

அதுதான் வேண்டும் என்றான். அட்டையைப் பார்த்து நான் படித்தேன். பாட்டை எடுக்க வேண்டும் என்றதும் அவன் உற்சாகமானான்.

"எடுத்துடலாம்மா. அதுக்குப் பதிலா வேற நல்ல பாட்டு வெச்சித் தரட்டுமா? முதல் மாசம் இலவசம்."

"ஒரு பாட்டும் வோணாம். மணி அடிச்சா போதும்."

"பக்திப் பாட்டு இருக்கும்மா."

"சாமிய நான் கோயில்ல பாத்துக்கறேன், நீ பாட்டை எடு."

பேசுவதற்கு மட்டுமான ரீசார்ஜ் ஒன்று இருக்கிறதே, அதற்கு மாற்றுங்கள் என்றேன். பத்திரிகையில் படித்திருந்தேன், கேட்டால்தான் சொல்வார்கள். அவன் படங்கள் பார்க்கலாம், விளையாட்டுப் பார்க்கலாம் என்று இன்டர்நெட் பிளானின் நன்மைகளை அடுக்கினான். முடியும்வரை விட்டுவிட்டு அதே வாக்கியத்தை அதே வேகத்தில் மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை அவன் குரல் தளர்ந்தது. "சரிம்மா, அடுத்த ரீசார்ஜ்லேருந்து மாத்திக்கலாம்," என்று தொகையும் நாள்கணக்கும் சொன்னான். எழுதிக்கொண்டேன். அவர் உடனே என் போனிலிருந்து தன் போனுக்கு அடிக்கச் சொன்னார். என் காதில் பாட்டு இல்லை. மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையசைத்தார்.

மறுநாள் காலை பைப் சரியானது. மதியம் இழை வந்தது. கெடுவுக்கு இரண்டு நாள் பாக்கி. அவருடைய மாடிச் சுவரிலிருந்து எங்கள் ஜன்னலுக்கு, தெருவுக்கு மேலே லேசான தொய்வோடு கறுப்பாக ஒரு கோடு. கேபிள்காரரின் ஆள் நுனியை உரித்தார். உள்ளே இருந்தது தலைமுடியைவிட மெல்லிய ஒரு கண்ணாடி. பழுது இருக்கிறதா என்று பார்க்க, எதிர் மாடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் அனுப்பினார்கள். எங்கள் ஜன்னலோரத்தில் அந்த நுனி ஒரு மாதுளை முத்துபோலச் சிவந்தது. அவ்வளவு தூரத்தை அது எப்படிக் கடந்து வந்தது என்று மகள் குனிந்து பார்த்தாள். வயிறு இடித்ததால் பாதிதான் குனிய முடிந்தது.

வேகத்தை அளந்தோம். போகும் பக்கம் தொண்ணூற்று நான்கு. படம்பிடித்து அனுப்பினாள். பதில் வர ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளும் அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வந்த பதில் ஒரே வரி: வீட்டிலிருந்து வேலையைத் தொடரலாம், விடுப்பு பிரசவத் தேதியிலிருந்து கணக்கிடப்படும்.

பழைய கம்பெனிக்கு இணைப்பை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். அன்று மாலையே அந்தத் தெற்கத்திக் குரல் கூப்பிட்டது. ஆறு மாதம் இலவசம் என்றாள். வேண்டாம் என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். "குழந்தைக்கா மேடம்?" என்றாள். பிறகு, கம்பெனி எழுதிக்கொடுத்த பேச்சில் இல்லாத குரலில், "நல்லபடியா பிறக்கட்டும்," என்றாள். அதையும் நோட்டில் எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மகள் வேலையைத் தொடங்கினாள். டாக்டர் சொன்னபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தலையணைக்கு எதிரில் லேப்டாப்பைச் சாய்த்து, கேமராவை அணைத்துவிட்டு, ஏதோ ஒரு ஊரிலிருந்தவர்களுக்குத் தன் திரையைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் கஞ்சியை மேசையில் வைத்தேன். அவள் பேச்சை நிறுத்தாமல் என் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஒரு அசைவு. அந்தப் பக்கம் யாரோ கேள்வி கேட்டார்கள். "சொல்கிறேன்," என்று பதில் சொல்லத் தொடங்கினாள். என் கையை அவள் விடவில்லை.