பேப்பர் அக்காவும் இத்தாலிக்காரியும்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளுக்குப் பேப்பர் அக்கா என்று பெயர். அவள் பேப்பர் விற்றவள் இல்லை, பேப்பர் படித்துக் கிழித்தவளும் இல்லை. செய்தித்தாளின் ஒரு பக்கத்தை நெஞ்சுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு, கட்டி முடித்த கட்டடங்களுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் நின்றவள். எதிரே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் கணவர் நின்றிருப்பார். புதிதாக வங்கி எழும்பினாலும் மருத்துவமனை எழும்பினாலும் படம் எடுக்கக் கட்டடக்காரர்கள் கூப்பிட்ட ஆள் அவர்தான்.

அவருடைய கேமரா இத்தாலியில் செய்தது. அவர் கைக்கு வரும்போதே அதற்கு நல்ல வயசாகியிருந்தது. ஒற்றை உலோகத் தண்டு, அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் இரண்டு சட்டங்கள். முன்சட்டத்தில் லென்ஸ், பின்சட்டத்தில் மங்கலான கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் துருத்தி. உள்ளங்கை அளவு ஃபிலிமை ஒவ்வொன்றாகத்தான் செருக வேண்டும். மற்ற கேமராவில் பின்னால் சாய்ந்து விழப்போகிற மாதிரி தெரியும் உயரமான கட்டடம், இதில் சட்டத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் நெட்டுக்குத்தாக நிற்கும். சும்மா சொல்லக் கூடாது, அழகான கேமராதான். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே அதன் பெருமையை அவர் ஆரம்பித்துவிடுவார்.

'இத்தாலிக்காரி' என்றுதான் அதைச் சொல்வார். இத்தாலிக்காரிக்கு ஈரம் ஆகாது, இத்தாலிக்காரிக்குத் தூசி ஆகாது. மனைவிக்கு எது ஆகும் எது ஆகாது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். "உனக்கு நல்ல சக்களத்திதான் வாய்ச்சிருக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். கல்யாணமான புதிது, சிரிக்க முடிந்தது.

அப்போது அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். உதவிக்கு ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை என்று அவர் புலம்ப, லீவு நாளில் கூடப் போனாள். பிறகு லீவு போட்டுப் போனாள். கடைசியில் வேலையையே விட்டுவிட்டாள். வெள்ளையடித்த மொட்டைச் சுவரும் இருட்டுக் கூடமும் மங்கல் கண்ணாடியில் பிடிபடாது. அங்கே ஒருத்தர் செய்தித்தாளோடு நின்றால், எழுத்து தெளியும்வரை சட்டத்தை நகர்த்தித் தூரத்தைச் சரியாகப் பிடித்துவிடலாம். பிடித்ததும் "போதும், வா" என்பார். அவள் ஓடிவந்து குடையை விரித்து, லென்ஸில் வெயில் விழாமல் பிடிக்க வேண்டும். அவர் ஃபிலிம் உறையைச் செருகியதும் கண்ணாடி மறைந்துவிடும், பிறகு கைக்கடிகார முள்ளைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்துவார்.

ஆக, அந்த ஊரின் பெரிய கட்டடங்கள் எல்லாவற்றின் முன்னாலும் அவள் நின்றிருக்கிறாள். ஒரு படத்திலும் அவள் இல்லை. கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும் என்பதால், காலமெல்லாம் அவர் அவளைப் பார்த்ததும் தலைகீழாகத்தான். அதுவும் அவளையா பார்த்தார், தலைப்புச் செய்தியைப் பார்த்தார்.

வருஷங்கள் போனபின் கட்டடக்காரர்கள் ஃபோனிலேயே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அவருக்கும் முதுகு ஒத்துழைக்கவில்லை. பழைய கேமரா சேர்க்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் இத்தாலிக்காரியை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. கல்யாணமாகித் தூர தேசத்தில் இருக்கும் மகள் அந்த வாரம் பேசும்போது, "அம்மா, உன்னோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பேன், சுவர்ல மாட்டணும்" என்று கேட்டாள். அவள் அலமாரியைக் குடைந்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த, திருடி மாதிரி முழிக்கும் படங்கள்தான் கிடைத்தன. அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, அது போறதுக்கு முன்னாடி அதுல என்னை ஒரு படம் எடுங்க."

"உன்னையா?" என்றார்.

"என்னைத்தான்."

"ஒரே ஒரு ஃபிலிம்தான் மிச்சம் இருக்கு. நல்லதா ஏதாவது எடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

அவள் அவரையே முறைத்தாள். "சரி சரி, எடுத்துடுவோம்" என்றார்.

மறுநாள் காலையில் அவள் தலைக்குக் குளித்து, மகள் வாங்கிக் கொடுத்த அடர்நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். கொல்லைப்புறச் செங்கல் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் புகுந்தார்.

"பேப்பர் எங்க?" என்று குரல் மட்டும் வந்தது.

"இன்னைக்குப் பேப்பர் கிடையாது."

"அப்போ மூக்குக் கண்ணாடியாவது போட்டுக்கோ. அதோட விளிம்புல ஃபோகஸ் நல்லாப் பிடிக்கும்."

போட்டுக்கொண்டாள். அவர் சட்டத்தை நகர்த்துவதும் திருகுவதும் தெரிந்தது. நேரம் எடுத்துக்கொண்டார். இன்றைக்கு எழுத்து இல்லை, தன் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும் என்று நினைத்தபோது இந்த வயதில் அவளுக்கு வெட்கம் வந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் சந்தோஷமாக இருந்தது.

"போதும், வா."

அவள் வந்தாள். முக்காலியில் சாய்த்திருந்த குடையை எடுத்து விரித்து, லென்ஸின்மேல் நிழல் விழப் பிடித்தாள். அவர் உறையைச் செருகி, கடிகாரத்தைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தினார். முள் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். வெறும் சுவர் நின்றது. திரும்ப ஓடிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வேலையிலேயே கிழடானவள்.

"அருமை!" என்று சொல்லி அவர் உறையை மூடினார். பக்கத்தில் குடையோடு நின்றவளைப் பார்த்தார், குடையை வாங்கி மடக்கி வைத்தார், துணியை உதறி மடித்தார். அவருக்கு உறைக்கவே இல்லை. எப்போதுதான் உறைக்கும் பார்ப்போம் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் குளியலறையில் ஃபிலிமைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பாரேன், ஒவ்வொரு செங்கல்லா எண்ணிடலாம். சுவர் எப்படி நெட்டுக்குத்தா நிக்குது பாரு!"

"நான் எங்க?"

அவர் ஃபிலிமைத் திருப்பிப் பார்த்தார். "அட! நீ ஏன் வந்தே?"

"நீங்கதான வான்னு கூப்பிட்டீங்க."

"கூப்பிட்டா வந்துடறதா? உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று கத்தியவர், பாதியில் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சரி விடு, ஃபோன்ல எடுத்துக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவரையாவது திட்டித் தீர்க்கலாம். கூப்பிட்ட குரலுக்கு வெட்கமில்லாமல் ஓடிவந்த தன் காலை என்ன செய்வது? அதை நினைக்க நினைக்கத்தான் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வந்தார். கொல்லைப்புறத்தில் கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "துருத்தியில பொட்டு ஓட்டைகூட இல்லையே சார்! திருகு எப்படித் திரும்புது பாருங்க, வெண்ணெய் மாதிரி!" கணவருக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல் சுவர் ஃபிலிமைக் கொண்டுவந்து காட்டினார். ஆசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அசந்துபோனார். "அற்புதம் சார். குறைன்னு ஒண்ணு சொல்ல முடியாது."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒரு நிமிஷம் அந்தச் சுவர்கிட்ட நிக்கிறீங்களா? ஃபோகஸ் பாத்துக்கறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் கணவர் அன்றைய செய்தித்தாளை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டார்.

"நான் நிக்க மாட்டேன்."

"என்ன இது, வந்தவர் முன்னாடி?"

"மாட்டேன்னா மாட்டேன்."

உள்ளே போய்ச் சமையலறை ஜன்னலருகே நின்றுகொண்டாள். வந்து சமாதானம் சொல்வார், ஒரு வார்த்தையாவது கேட்பார் என்றுதான் நின்றாள். அவர் உள்ளே வந்தார். கூடத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதைச் சுவரோரம் போட்டு, அதன் முதுகில் செய்தித்தாளை விரித்துத் துணி கிளிப்பால் மாட்டினார். ஆசிரியர் கறுப்புத் துணிக்குள் புகுந்தார்.

"பிரமாதம் சார், ஊசி மாதிரி தெரியுது!"

"தெரியும், தெரியும். அசையாது, பேசாது, கோவிச்சுக்காது" என்று அவர் சிரிப்பது ஜன்னல்வரை கேட்டது. "பாருங்க, இத்தனை வருஷம் இது எனக்குத் தோணவே இல்ல."