எங்கள் கோயில் பியானோவின் சுருதி

எங்கள் பங்குக்கோயில் பியானோ, பாண்டிச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தவர்கள் கொடுத்தது. 'ஏ' என்ற சுரம் நொடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்பதில்தான் சிக்கல். இன்று பெரும்பாலும் நானூற்று நாற்பது, சில ஆர்கெஸ்ட்ராக்களில் அதற்கும் மேலே. அந்தக் காலத்து பிரெஞ்சு பியானோவுக்கு நானூற்று முப்பத்தைந்துதானாம். போன வருஷம் சுருதி சேர்க்க வந்தவர், மரக்காணத்து உப்புக்காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது, இழுத்தால் அறுந்துவிடும் என்று அதற்கும் கீழேயே விட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் நின்று கேட்டவள் நான் ஒருத்திதான். எங்கள் கொயரில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரிடம் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

அதற்குள் மாஸ்டர் செல்போனில் சுருதி காட்டும் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு எங்களைத் தனித்தனியாகப் பாடச் சொன்னார். பதினாறு வருஷம் அந்தப் பியானோவோடு பாடிய தொண்டை எனக்கு. ஊசி கீழேயே நின்றது.

"உப்பளத்துல கத்திப் பேசுற வீட்டுத் தொண்டை. சுருதி எங்கேம்மா நிக்கும்?" என்றார், எல்லோர் முன்னும்.

என் அம்மா உப்பு வாருகிறவள். திருவிழாவுக்கு ஆயர் வரும்போது நற்கருணைக்குப் பின் நான் பாட வேண்டிய தனிப்பாட்டு, ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் போனது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். அந்தப் பாட்டுக்கு வயலின் வாசிக்க வெளியூர் ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்ததும், ஆயர் முன்னால் மாஸ்டர் அவமானப்படட்டும் என்று நாள் எண்ணினேன். முழங்கால் போட்டு ஜெபித்ததும் அதற்காகத்தான்.

அந்த ஒரு பாட்டுக்காக மாஸ்டர் முதல்முறையாக பாண்டிச்சேரியிலிருந்து நான்கு வயலின்காரர்களை வரவழைத்தார். பூசைக்கு மணியடிக்கும் நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செல்போனைப் பார்த்து நானூற்று நாற்பதில் சுருதி கூட்டிக்கொண்டார்கள். ஒத்திகை இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பியானோவும் வயலினும் சேர்ந்ததும் பல் கூசியது. ஆயர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அந்தப் பெண் பாதியில் நிறுத்திவிட்டாள்.

பூசை முடிந்ததும் பின்னறையில் மாஸ்டர் அவளைத்தான் திட்டினார். அப்போதுதான் பியானோ விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"தெரிஞ்சிக்கிட்டே சும்மா இருந்தியா?"

"ஆமாங்க மாஸ்டர். தெரிஞ்சேதான்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள்.

அன்றோடு அவள் கொயருக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தனிப்பாட்டு மறுபடி என்னிடம் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.