விளம்பரத்தில் செத்துப்போனவர்

டிவியில வயசானவங்களுக்கு ரெண்டே வேலைதான். ஒண்ணு, முட்டிவலித் தைலத்தைத் தேச்சுக்கிட்டு எழுந்து ஆடணும். இல்லன்னா மாலையோட சுவத்துல தொங்கணும். அறுபது வயசு ஹீரோ பேத்தி வயசுப் பொண்ணோட டூயட் பாடுவாரு. ஒரு காலத்துல அவரோட ஆடினவளுக்கு நரைமுடியை ஒட்டி, அவருக்கே அம்மாவாக்கிடுவாங்க. கேட்க நாதி இல்ல. எங்க வூட்டுக்காரரையும் அப்படித்தான் தூக்கிச் சுவத்துல மாட்டினாங்க.

மில்லு மூடின பிறகு அவரு பீச்சுப் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பங்களா ஒண்ணுல வாட்ச்மேனா இருந்தாரு. அதை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவாங்க. விளம்பரம் எடுக்க வந்த பசங்க, "ஐயா, உங்க முகம் ரொம்ப நல்லா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டிருக்காங்க. வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டு, தலையை வாரிவிட்டு எடுத்தாங்களாம். எதுக்குன்னு இவரும் கேட்கல, அவங்களும் சொல்லல. வூட்டுக்கு வந்து, "நான் டிவியில வரப்போறேன்டி"ன்னு ஒரே அலட்டல். தெரு முழுக்கச் சொல்லி வச்சாரு.

நான் சொல்ல ஆசைப்பட்டது ஒருத்தர்கிட்டதான். பாகூர் பக்கம் ஊர்ல இருக்கிற எங்கண்ணன்கிட்ட. எங்க பொண்ணு கல்யாணத்துல தாய்மாமனுக்குப் போட வேண்டிய முதல் மாலையை இவரு அவசரத்துல தன் தம்பிக்குப் போட்டுட்டாரு. சபையில தலைகுனிவாப் போச்சுன்னு அன்னைக்குப் போனவருதான், அப்புறம் எங்க வாசப்படி மிதிக்கல. போன் பண்ணா எடுக்க மாட்டாரு. எனக்குப் பொறந்த வூடுன்னு இருந்தது அவரு ஒருத்தருதான். என்னைக்காவது வருவாருன்னு வருசக்கணக்காக் காத்துக்கிட்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் சீரியலுக்கு நடுவுல விளம்பரம் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியோடது. ஒரு பையன் அம்மா தோள்ல கை போட்டுக்கிட்டுச் சுவத்தைப் பார்க்கிறான். அங்க இவரு! நெத்தியில பொட்டு, போட்டோ மேல சந்தன மாலை, கீழ சிவப்பு பல்பு. பக்கத்து வூட்டுக்காரி வாயைப் பொத்திக்கிட்டா. "நாசமாப் போறவனுங்க, உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டுட்டானுங்களே!"ன்னு கத்திக்கிட்டே உப்பு மொளகா சுத்திப் போட்டேன். அவரு எழுந்து டிவியை அணைச்சாரு. அப்புறம், "செத்தாத்தான் நம்ம மூஞ்சி நல்லா இருக்கும் போல"ன்னாரு. என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

நாலஞ்சு நாள் கழிச்சு, காலையில பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தேன். தெருமுனையில ஒரு ஆம்பளை அழற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தா எங்கண்ணன். ஒரு கையில ரோஜா மாலை, இன்னொரு கையில துணிக்கடைப் பை. பைக்குள்ள என்னன்னு பார்க்காமலே தெரிஞ்சுபோச்சு. கோடி. தாலியறுத்தவளுக்குக் கூடப்பொறந்தவன் கொண்டாந்து போர்த்தற புதுப் புடவை.

நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமப் போகணும்னு சொல்லுவாங்க. எங்கண்ணன் கூப்பிடாமத்தான் வந்தாரு. ஊர்ல சலூன்ல உட்கார்ந்திருக்கப்ப டிவியில பார்த்தாராம். உள்ளூர் கேபிள்ல போட்டோவும் மாலையுமாக் கண்ணீர் அஞ்சலி போடுவாங்களே, அதுன்னே நினைச்சுட்டாரு. காதும் மந்தமாயிடுச்சு, விளம்பரம்னு பாவம் எப்படித் தெரியும்?

ஆனா அவரைப் பார்த்து நான்தான் ஆடிப்போயிட்டேன். பல்லெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டி, முதுகு கூனி. விளம்பரத்துல வர்ற வெள்ளி முடியும் முத்துப் பல்லும் எங்க ஜனத்துக்கு எங்கேயிருந்து வரும்? அவரு கிழவரானதைக்கூட நான் பக்கத்துல இருந்து பார்க்கல. அது நெஞ்சை அறுத்தது.

சத்தம் கேட்டு எங்க வூட்டுக்காரர் ஈரத் தலையைத் துவட்டிக்கிட்டே வெளிய வந்தாரு. "வாங்க மச்சான்"ன்னாரு. அண்ணனுக்கு அழுகை அப்படியே நின்னுபோச்சு. பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார வச்சேன். மாலையை வாசல்லயே போட்டாரு, பையை மட்டும் மடியில இறுக்கி வச்சுக்கிட்டாரு. விளம்பரம்னு காது கிட்டக்க போய்க் கத்திச் சொன்னேன். தண்ணி மட்டும் குடிச்சாரு. காபி வேணாம்னு கையைக் காட்டினாரு.

"அன்னைக்கு மாலை விசயத்துல தப்பு எம்மேலதான் மச்சான், மனசுல வச்சுக்காதீங்க"ன்னு இவரு சத்தமாச் சொன்னாரு.

அண்ணன் தரையைப் பார்த்துக்கிட்டே, "நீ போயிட்டேன்னுதான் மாப்ள வந்தேன்"ன்னாரு.

எழுந்துட்டாரு. எழவு வூட்டுல இருந்து கிளம்பறவங்க போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்க, பேசாம எழுந்து போயிடுவாங்க. எங்கண்ணனும் பேசாம எழுந்து நடந்தாரு. "அண்ணே, அவரு உசுரோடதாண்ணே இருக்காரு, வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போண்ணே"ன்னு தெருமுனை வரைக்கும் பின்னாடியே ஓடினேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மட்டும் சொன்னாரு.