தேங்காய் குறைந்த அகத்திக்கீரை

"பிடித்த உணவு: தான் செய்யும் உப்புமாவைத் தவிர வேறு எதுவும்!"

எங்கள் குடும்ப மலரின் பதினேழாம் பக்கத்தில், என் சித்தியின் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. ஆச்சரியக்குறி மலரில் உள்ளதுதான்; நான் சேர்த்ததல்ல. மலர் இந்த ஆண்டு தை மாதம் வெளியானது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உறவினர் எல்லோரும் கூடியபோது, தேங்காய், வெற்றிலைப் பாக்குடன் துணிப்பையில் போட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அந்த வரியை உரக்கப் படித்தார். அந்த வரிசையே சிரித்தது. சித்தி அங்கே இல்லை. அதற்கு முந்தைய ஆடியில் அவள் காலமாகிவிட்டாள். இருந்திருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள் என்று இரண்டு பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சிரித்திருப்பாள்தான். வீட்டுக்கு வந்தவர்களோடு சேர்ந்து சிரிப்பதும் அவளுடைய வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதனால் அந்த வரி நியாயமாகிவிடாது.

கல்லூரிக் காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். யார் எப்போது பிறந்தார், யாருடைய கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, காவிரியில் வெள்ளம் வந்து யார் வீட்டு விசேஷம் தள்ளிப்போனது என்று குடும்பத்தில் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் வரும். மலரில் உள்ள தேதிகளில் பெரும்பாலானவை நான் கொடுத்தவை. அவற்றில் பிழை இருந்தால் பொறுப்பேற்கிறேன். பதினேழாம் பக்கத்து வரி என்னுடையதல்ல. அது தொகுப்பாசிரியரான பெரியப்பா மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், தாமாகச் சேர்த்தது. அதே அண்ணா நாலாம் பக்கத்தில் தம் அப்பாவைப் பற்றி, அதாவது என் பெரியப்பாவைப் பற்றி, இப்படி எழுதியிருக்கிறார்: "வாழ்நாளில் ஒரு துவாதசிப் பாரணையைக்கூடத் தவறவிட்டதில்லை." ஏகாதசியன்று விரதம் இருப்பவர் மறுநாள் துவாதசித் திதி முடிவதற்குள் சாப்பிட்டு விரதத்தை முடிக்க வேண்டும், அதுதான் பாரணை. திதி தாண்டிவிட்டால் இருந்த விரதத்துக்குப் பலன் இல்லை என்பார்கள். நாலாம் பக்கத்து வரி உண்மைதான். அது எப்படி உண்மையாயிற்று என்பது பதினேழாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

சித்தி திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சித்தப்பாவும் அவளும் ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். திருச்சியில் படித்த மூன்று வருஷமும் நான் அவர்களோடுதான் இருந்தேன். பகல் டூட்டி முடித்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். சமையலை அந்த வீட்டில் தளிகை என்போம். பஸ் காவிரிப் பாலம் ஏறும்போதே அன்றைய தளிகை என்ன என்று முடிவாகிவிடும் என்பாள். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனால், காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போன பயத்தம்பருப்பு ஓர் அடுப்பில் ஏறும், அரிசி இன்னோர் அடுப்பில். பருப்பு வெந்ததும் பொடித்த மிளகும் சீரகமும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை. இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிவாள். தொட்டுக்கொள்ள வீட்டில் என்ன இருக்கிறதோ அது: வாழைக்காய் இருந்தால் மெல்லியதாகச் சீவி ஒரு வதக்கல், ஒன்றும் இல்லையென்றால் சுட்ட அப்பளம். சில நாள் அரிசி மாவைப் புளித்த மோரில் கரைத்துக் கிளறிய மோர்க்கூழ். நான் முகம் கழுவித் தலை வாரி முடிப்பதற்குள் தட்டு வந்துவிடும். "பசியோட உக்காந்திருக்கறவா முன்னாடி நின்னுண்டு தேங்காய் துருவக் கூடாதுடி" என்பாள். அவளுடைய சமையல் சாத்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியம்தான். சமையல் புத்தகங்கள் நிறையவே படித்திருக்கிறேன். அதைவிடச் சரியான விதி எதிலும் கண்ணில் பட்டதில்லை.

உறவினர்கள் இதைச் சமையல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பெரியப்பா சென்னையிலிருந்து வந்தால், கொல்லையில் கை கழுவும்போதே ஆரம்பித்துவிடுவார்: "என்ன, இன்னிக்கும் டெலிபோன் தளிகைதானா? ஹலோன்னு சொல்றதுக்குள்ள ஆயிடுமே!"

"ராங் நம்பர் ஆறதுக்குள்ள வந்து உக்காருங்கோ அண்ணா" என்பாள் சித்தி. எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு ஊருக்குப் போய், அவள் வீட்டில் எப்போது போனாலும் உப்புமாதான், ஒரு பிடி சோறு கண்ணில் காட்டமாட்டாள் என்று சொல்வார்கள். மலர் வந்த அன்று மாலை என் பழைய நாட்குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு இந்தக் குற்றச்சாட்டைச் சரிபார்த்தேன். அவர்கள் வந்ததாக நான் குறித்து வைத்திருக்கும் நாட்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஏகாதசி. ஏகாதசியன்று அரிசி சேர்க்கக் கூடாது. முழுப் பட்டினி இருக்க முடியாதவர்கள் கோதுமை ரவை உப்புமா சாப்பிடுவது வழக்கம். காலையில் வந்து, பெருமாளைச் சேவித்து, உப்புமா சாப்பிட்டு, மாலை ரயிலில் திரும்பிவிடுவார்கள். அரிசி தொடக்கூடாத நாளாகப் பார்த்து வந்து தின்றுவிட்டு, சோறு போடவில்லை என்று சொன்னவர்களை என்னவென்பது? வேறு எந்த விஷயத்திலும் இவர்கள் இவ்வளவு மக்குகள் அல்ல. ஒருவர் கணக்குத் தணிக்கையாளர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் உப்புமா சாப்பிட்ட அந்த ஏகாதசிகளில் சித்தி சாப்பிட்டதில்லை. அவள் முழு உபவாசம் இருப்பவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு டூட்டி பார்ப்பாள். அதை அவள் சொல்லிக்கொண்டதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது வந்த வைகுண்ட ஏகாதசிக்கு, பெரியப்பா குடும்பத்தாரும் இன்னும் சில உறவினரும் சித்தி வீட்டில் வந்து தங்கினார்கள். அந்த ஒரு ஏகாதசிக்கு மட்டும் பெரியப்பாவும் முழு உபவாசம் இருப்பார். அந்த வருஷம் மறுநாள் துவாதசி குறைவு. சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்திலேயே திதி முடிந்துவிடும் என்று பஞ்சாங்கத்தில் இருந்தது. பாரணைக்கென்று முறையான தளிகை உண்டு. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் வேண்டும். புளி கூடாது. "இது உப்புமா கிண்டற விவகாரமில்லே" என்று சொல்லிப் பெரியப்பா தாமே ஒரு சமையல்காரரை ஏற்பாடு செய்தார். விடிவதற்கு முன்பே வந்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்தாராம். அன்று காலை ஸ்ரீரங்கத்தில் எத்தனை வீட்டில் பாரணை, எத்தனை வீட்டுக்கு அவர் அதே வாக்கைக் கொடுத்திருப்பார் என்று சென்னையிலிருந்து வந்தவருக்குத் தோன்றவில்லை. சித்திக்குத் தோன்றியது. ஏகாதசி மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து அகத்திக்கீரையை உருவ ஆரம்பித்தாள். பொடி இலை, கை சளைத்துப்போகும் வேலை.

"அதான் ஆள் வரானே, நீ ஏன் இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கறே?" என்றார் பெரியப்பா.

"வரட்டுமே அண்ணா. உருவி வச்சா கீரைக்கா நஷ்டம்?"

உருவிய கீரையை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு இரவு டூட்டிக்குக் கிளம்பினாள்.

சமையல்காரர் வரவில்லை. தேடிப்போன சித்தப்பா, அவர் அடுத்த வீதியில் வேறொரு வீட்டில் கீரை நறுக்கிக்கொண்டிருப்பதாக வந்து சொன்னார். பெரியப்பா பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷத்து விரதம் இன்னியோட போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்போதுதான் சித்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கி வாசலில் நுழைந்தாள். "என்ன, வரலையா?" என்றாள். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனாள். மார்கழிக் குளிரில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மடிப்புடவை கட்டிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் உதவிக்குப் போய் நின்றேன். "ரெண்டு அடுப்பு இருக்கு, ரெண்டு கை இருக்கு, போறும். நீ போய் இலையைப் போடு" என்றாள்.

குக்கரில் சாதமும் பருப்பும். இன்னோர் அடுப்பில் கீரை. அது வேகும் நேரத்தில் நெல்லிக்காயைத் துருவித் தயிரில் கலந்தாள். சுண்டைக்காய் வற்றலை நெய்யில் வறுத்து எடுத்த கரண்டியிலேயே கடுகு தாளித்தாள். பருப்பு, மிளகு, சீரகம், எலுமிச்சை சேர்ந்து சாத்தமுது, அதாவது ரசம், தயாராயிற்று. எனக்குத் தினமும் மாலையில் போட்ட அதே ரசம். புளி இல்லாமல், நேரம் இல்லாமல், வீட்டில் இருப்பதை வைத்துச் சமைக்க வேண்டும். சாத்திரமே அவசரச் சமையலைக் கட்டாயமாக்கிய காலை அது. அதைச் செய்யத் தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள், அவளை ஒதுக்கிவிட்டுத்தான் ஏற்பாடுகள் நடந்தன.

பெருமாளுக்கு அமுது செய்வித்து, பெரியப்பா கூடத்தில் இருந்தவர்கள் கையில் தீர்த்தம் விட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். சித்தி ஓடி ஓடிப் பரிமாறினாள். பெரியப்பா முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு சொன்னார்:

"கீரைல தேங்காய் கம்மி."

இதை நான் அன்றே எழுதி வைத்திருக்கிறேன். வேறு ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. சித்தப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சித்தி, "அடுத்த துவாதசிக்கு முழுத் தேங்காயாப் போட்டுடறேன் அண்ணா" என்று சிரித்துக்கொண்டே சாத்தமுது எடுக்க உள்ளே போனாள். மோர் சாதத்துக்கு வந்தபோது யாரோ பஞ்சாங்கத்தைப் பார்த்து, "அப்பாடா, திதிக்குள்ள முடிச்சுட்டோம்!" என்றார்கள். முடிச்சுட்டோம். முந்தின நாள் முழுவதும் பட்டினி கிடந்து, இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, நின்றபடி பரிமாறிக்கொண்டிருந்தவள் அந்தச் சொல்லில் அடங்குகிறாளா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சமையல்காரர் அதற்குப் பிறகு கரண்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். "வாங்கோ மாமா, அலைஞ்சிருப்பேள், காபி கலக்கறேன்" என்று அவரையும் உட்காரவைத்தவள் சித்திதான்.

மலரின் கடைசிப் பக்கங்களில் "வேலைக்குப் போகும் பெண்களுக்கு எளிய தளிகை" என்று ஒரு பகுதி இருக்கிறது. அண்ணாவின் மருமகள் எழுதியது. நன்றாகவே எழுதியிருக்கிறாள், அந்தப் பெண்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் குறிப்பே பயத்தம்பருப்பு, மிளகு, எலுமிச்சை. மருமகள் செய்தால் சாமர்த்தியம். சித்தி செய்தால் ஆச்சரியக்குறி போட்டுச் சிரிக்க வேண்டிய விஷயம். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தவருக்கு அது உறுத்தவில்லை.

பிரதிகள் போதாமல் மலரை மறுபடி அச்சிடப்போவதாகத் தெரிந்ததும் அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு தமாஷுக்குப் போட்டதுக்கு இவ்வளவு கோவமா?" என்றார்.

அந்தத் துவாதசியை நினைவுபடுத்தினேன். அவரும் அன்று அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

"அப்படியா? அந்தச் சமையல்காரன் வந்து பண்ணினான்னுதானே நான் நினைச்சிண்டிருக்கேன்!"

சித்தி கீரை உருவியதிலிருந்து பரிமாறியதுவரை நாட்குறிப்பைப் பார்த்துப் படித்துக் காட்டினேன்.

"சரி, விடு. உப்புமாவை எடுத்துடறேன். ஒரு வரிதான் இடம் இருக்கு. 'ஒரு துவாதசியன்று எல்லோரையும் பாரணை செய்யவைத்து, தானும் செய்தார்'னு போட்டுடலாம். நன்னா முடியும்."

"தானும் செய்தாரான்னு உனக்குத் தெரியுமா?"

"பண்ணியிருப்பா. பண்ணாமலா இருப்பா?"

பண்ணியிருப்பா! உப்புமா வரியும் இப்படித்தான் உருவாகியிருக்கும். முதல் வரி கேலி, இது மரியாதை. இரண்டுக்கும் விசாரித்தவர் யாருமில்லை. எனவே நான் விசாரித்தேன். திதிக்குள் துளசித் தீர்த்தம் ஒரு மிடறு குடித்திருந்தாலும் பாரணை ஆனதாகவே கொள்வார்கள். அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில், அண்ணாவையும் என்னையும் விட்டால், இப்போது பேசக்கூடியவர்கள் இருவர். ஒருவர், சித்தி உள்ளேயே தீர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பாள் என்கிறார். பார்த்தாரா என்றால், இல்லை. இன்னொருவருக்குச் சுண்டைக்காய் நன்றாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. என் குறிப்பில் இருப்பது இதுதான்: நான் எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்தபோது, சித்தி சமையலறைச் சுவரில் சாய்ந்து, கையில் ஒரு டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். டம்ளரில் என்ன இருந்தது என்று எழுதவில்லை.

பதினேழாம் பக்கத்துக்கு நான் அனுப்பிய வரி: "ஒரு துவாதசி காலையில் வீட்டிலிருந்த அனைவரின் விரதத்தையும் காப்பாற்றினார்." அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பும் கேட்டிருக்கிறேன். அமங்கலமாக இருக்கிறது என்று அண்ணா தயங்குகிறார். அவர் போடாவிட்டால் இங்கேயாவது இருக்கட்டும்: அன்று திதிக்குள் சித்தி வாயில் ஒரு சொட்டுத் தண்ணீராவது பட்டதா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.